ஏழு பேரும் மாறிய பிறகு எது நம்ம டீம்?

கேள்வி: எங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப் தொடங்கி முப்பது வருடம் ஆகிறது. பழைய ஆட்டக்காரர் ஒருவரும் இப்போது களத்தில் இல்லை. போன செவன்ஸ் போட்டியில் ஏழு பேரில் ஐந்து பேர் காசு கொடுத்துக் கூட்டிவந்த கெஸ்ட். கோப்பை வந்தது. ஆனால் ‘இது நம்ம டீமே இல்லை’ என்று மூத்தவர்கள் சிலர் பிரிந்துபோய், அதே பெயரில் வேறு அணி இறக்கப் போகிறார்கள். பெயரும் பழைய கோப்பைகளும் யாருக்கு?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: முப்பது வருடத்தில் எத்தனை பேர் கல்ஃபுக்குப் போயிருப்பார்கள், எத்தனை பேர் முட்டி தேய்ந்து உட்கார்ந்திருப்பார்கள்! அப்போதெல்லாம் வராத சண்டை இப்போது வந்ததற்குக் காரணம், ஐந்து பேர் ஒரே நாளில் மாறியது. ஒருவர் இருவராக மாறும்போது புதுப்பையன் பழையவனோடு இரண்டு சீசன் ஆடுகிறான். கார்னர் வந்தால் முதல் போஸ்டில் யார் நிற்பது, கோலி ‘விடு’ என்றால் யார் ஒதுங்குவது என்பதெல்லாம் அப்படித்தான் கைமாறுகிறது. மூத்தவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

கெஸ்ட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். செவன்ஸில் அது நடக்காத காரியம். ஆனால் ஏழில் மூன்று பேராவது போன வருடமும் சேர்ந்து ஆடியவர்களாக இருக்கட்டும்: கோலி, ஒரு டிஃபெண்டர், நடுவில் ஒருவர். கெஸ்ட்டை முன்னால் போடுங்கள். அங்கே தனித்திறமை எடுபடும். ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு பைக்கில் வந்து இறங்குகிறவரைப் பின்னால் நிறுத்தினால், கார்னரில் இரண்டு பேர் ஒரே ஆளைப் பிடிப்பார்கள். எதிரணியில் இன்னொருவன் தனியாக நின்று தலையால் முட்டி கோல் போட்டுவிட்டுப் போவான்.

அந்த மூவரை உருவாக்க உங்கள் பக்கம் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஆழ்கடலுக்குப் போகும் பிள்ளைகள் கரையில் இருப்பது அப்போதுதான். மழைதான், அதற்காக விட்டால் பிறகு ஆள் கிடைக்காது.

இனி பெயர், கோப்பை. லண்டனில் விம்பிள்டன் என்று ஒரு கிளப் இருந்தது, 1988இல் இங்கிலாந்தின் பெரிய கோப்பைகளில் ஒன்றான எஃப்.ஏ. கோப்பையை வென்றது. முதலாளிகள் 2003இல் அதை மில்டன் கீன்ஸ் என்ற வேறு நகரத்துக்கு மாற்றி, அடுத்த வருடம் பெயரையும் மாற்றினார்கள். ஆட்டக்காரர்களும் லீக்கில் இருந்த இடமும் அங்கே போயின. அதற்கு முன்பே, இடமாற்றத்துக்கு அனுமதி கிடைத்த 2002இலேயே, ரசிகர்கள் புது ஆட்களைத் தேர்வு செய்து ஒன்பதாம் நிலை லீக்கில் தங்களுக்கென்று ஓர் அணியைத் தொடங்கிவிட்டார்கள். 2007இல் பழைய கோப்பைகள் யாரிடம் போயின தெரியுமா? எந்த அணியிடமும் இல்லை. விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் பகுதி நிர்வாகத்திடம் போயின.

உங்களுக்கும் அதுதான் வழி: பெயரும் கோப்பையும் ஒரு தரப்பிடம் வேண்டாம், பொதுவில் இருக்கட்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி 7 பேர் சேர்ந்தால் கிளப்பைப் பதிவு செய்யலாம். பதிவான பெயரிலேயே இன்னொரு சங்கத்தைப் பதிவு செய்ய விடமாட்டார்கள். அதனால் ஒரு தரப்பு முந்திக்கொண்டு போனால் பகைதான் மிஞ்சும். அந்த ஏழில் மூத்தவர் மூவரையாவது சேருங்கள். தீர்மானப் புத்தகம் ஒன்று, இரண்டு பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு ஒன்று. யார் எந்த வருடம் சேர்ந்தார், எந்த வருடம் விலகினார் என்று ஒரு பதிவேடு. கெஸ்ட்டுகளுக்கு அதில் தனிப் பக்கம், கொடுத்த தொகையோடு.

கோப்பைகளை இரு தரப்பும் கூடி உட்கார்ந்து வருடவாரியாகப் பட்டியல் போடுங்கள். யார் வீட்டு அலமாரியிலும் வேண்டாம். ஊர்ப் படிப்பகத்தில் வையுங்கள். பூட்டு இரண்டு, தரப்புக்கு ஒரு சாவி.