யாருடைய கையெழுத்து?

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு வயது 24. இரண்டாவது பிரசவம் முடிந்ததும் மாமியார் சொன்னபடி குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துவிட்டார்கள். கணவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவளை யாரும் கேட்கவில்லையாம். இப்படிப்பட்டவர்களிடம் விழிப்புணர்வு வராமல் எதுவும் மாறாது அல்லவா?

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள அம்மா,

‘விழிப்புணர்வு’ என்ற சொல்லில்தான் எனக்குத் தயக்கம். காப்பர்-டி பற்றியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி பற்றியும் கிராம சுகாதார செவிலியர் சொல்லி அந்தப் பெண் அறிந்தே இருக்கக்கூடும். அறிந்தும், பிரசவ வார்டில் மாமியாரும் கணவரும் நிற்கும்போது அவர் பேச்சு எடுபடவில்லை.

கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குத் துணைவரின் ஒப்புதல் தேவையில்லை என்பதே மத்திய அரசின் நெறிமுறை. அவரவர் மொழியில் விளக்கி, யோசிக்க அவகாசமும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் கூறியது. கருக்கலைப்புக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். ஆனாலும் “வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாம்மா” என்பது பழக்கமாகிவிட்டது. வேண்டும் என்று வரும் பெண்ணைத் திருப்பி அனுப்புவதும், வேண்டாம் என்று நினைக்கும் பெண்ணை மேசையில் ஏற்றுவதும் இதே பழக்கம்தான்.

2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 58 பேர் இந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது ஆயிரத்துக்கு ஒருவர். ஆணுக்கோ கத்தியும் தையலும் இல்லாத முறையே இருக்கிறது, அன்றே வீடு திரும்பலாம். “அவன் உழைக்கிற உடம்பு” என்பார்கள். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் நம் செட்டிநாட்டு வீடுகளைக் கூட்டித் துடைப்பது எந்த உடம்பு?

சிறுவனாக இருந்தபோது காரைக்குடியில் என் அப்பத்தா வீட்டில் கண்டது இது. வேலைக்கு வந்தவர், ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்கும் முன்பே வந்துவிட்டார். தண்ணீர் அண்டாவைத் தூக்க முடியாமல், ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், இழுத்துக்கொண்டு போனார். ஆத்தங்குடித் தரைக்கல்லில் கீறல் விழுகிறது என்று அப்பத்தா சத்தம் போட்டார். (அப்பத்தா நல்லவர்தான், தீபாவளிக்கு அவருக்குப் புடவை எடுத்துக் கொடுக்காமல் இருந்ததில்லை.)

கருத்தடை வேண்டும் என்று 1930-களில் வாதிட்ட பலரும் தாயின் உடல்நலத்தையும் குடும்பத்தின் வறுமையையும் காரணமாகக் காட்டியபோது, பெரியார் பெண்ணின் விடுதலையைக் காரணமாகச் சொன்னார். அந்த வாதத்தைப் பாதி மட்டும் எடுத்துக்கொண்டோம் என்று தோன்றுகிறது. சிகிச்சை ஊரெல்லாம் கிடைக்கிறது, முடிவு இன்னும் வேறொருவர் கையில் இருக்கிறது. கூலி போய்விடும் என்ற பயத்தில் செவிலியரைத் தனியாகப் போய்ப் பார்க்க ஒரு காலைப்பொழுதுகூட ஒதுக்க முடியாதவர், கணவரிடமும் மாமியாரிடமும் எதைச் சொல்லி நிற்க முடியும்?

பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் சேர்த்து அவருக்கு எத்தனை நாள் சம்பளத்துடன் விடுப்புக் கொடுத்தீர்கள் என்பதைக் கடிதத்தில் காணோம். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.