வாக்யூம் கிளீனர் வந்த கதை: கேள்வி பதில்

கேள்வி: கரண்ட் வருவதற்கு முன்னால் கம்பளங்களை எப்படிச் சுத்தம் செய்தார்கள் சார்?

வெளியே கொடியில் போட்டுப் பிரம்பால் அடிப்பதுதான் பெருவழக்கம். அறை முழுக்க விரித்த கம்பளத்தை அடிக்கடி தூக்க முடியாதே. அதற்காக வந்தது கார்பெட் ஸ்வீப்பர். அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸில் மெல்வில் பிஸ்ஸல் 1876-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தள்ளும்போது சக்கரம் உருளும், அந்த உருளலில் உள்ளே இருக்கும் பிரஷ் சுழன்று குப்பையைப் பெட்டிக்குள் வீசும். மேலாகக் கிடக்கும் நூலும் ரொட்டித் தூளும் வந்துவிடும். இழைகளின் அடியில் இறங்கிய மண் வராது, ஏனென்றால் இதில் உறிஞ்சுதலே கிடையாது.

1869-இல் சிகாகோவின் ஐவ்ஸ் மெக்காஃபி உறிஞ்சும் கருவிக்கே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் தள்ள வேண்டும். மக்களிடம் அது எடுபடவில்லை.

கேள்வி: வாக்யூம் கிளீனரைக் கண்டுபிடித்தது ஹூவர் என்று பள்ளியில் படித்தேன். சிலர் பூத் என்கிறார்கள். எது சரி?

ஹூவர் இல்லை. ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், தூசியைக் காற்றடித்து ஊதும் ஒரு மெஷினின் செயல்விளக்கத்தை லண்டனில் பார்த்தார். ஊதினால் தூசி வேறிடத்துக்குப் போகிறதே தவிர, வீட்டை விட்டுப் போவதில்லை. ஒரு உணவகத்து இருக்கையில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். இருமல்தான் வந்தது. ஆனால் நடுவில் ஒரு துணியை வைத்தால் தூசி துணியில் தங்கிவிடும். இந்தக் கருவியின் முழு வரலாறும் அந்தத் துணியில்தான் இருக்கிறது என்பேன். உறிஞ்சுவது சுலபம். உறிஞ்சிய காற்றிலிருந்து தூசியைப் பிரிப்பதுதான் கஷ்டம்.

1901-இல் அவர் செய்த மெஷின் ஒரு குதிரை வண்டி அளவு. பெட்ரோல் எஞ்சின் ஒரு பிஸ்டன் பம்ப்பை ஓட்டும். வண்டியைத் தெருவில் நிறுத்தி, நீளமான ஹோஸ்களை ஜன்னல் வழியே உள்ளே விடுவார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது இதுதான். அதை யாரும் வாங்கி வீட்டில் வைக்கவில்லை, ஆட்கள் வந்து செய்துவிட்டுப் போகும் சேவையாகவே இருந்தது.

கேள்வி: அப்படியென்றால் வீட்டுக்குள் வைக்கும் அளவுக்கு அதைச் சிறிதாக்கியது யார்?

ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் ஊரில் ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை பார்த்தவர், ஆஸ்துமா நோயாளி. பெருக்கும்போது எழும் தூசி அவருக்கு ஆகவில்லை. மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து 1907-இல் ஒன்றைச் செய்தார். காப்புரிமை கிடைத்தது 1908 ஜூன் 2.

அவருடைய சாமர்த்தியம் இரண்டு இடத்தில். ஒன்று, பம்ப்பை விட்டுவிட்டு விசிறியைப் போட்டது. விசிறியின் இழுவிசை பம்ப் அளவுக்கு இருக்காது, ஆனால் நிறையக் காற்றை நகர்த்தும், எடையும் குறைவு. இரண்டு, அந்த இழுவிசைக் குறையை ஈடுகட்ட, அதே மோட்டாரிலிருந்து பெல்ட் போட்டு முன்னால் ஒரு பிரஷ்ஷைச் சுழல வைத்தது. பிரஷ் மண்ணைக் கிளப்பும், காற்று அள்ளிக்கொண்டு போகும். தோல் பொருள் தயாரித்துவந்த வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கி, 1908-இலேயே ‘மாடல் ஓ’வை விற்பனைக்கு விட்டார்.

கேள்வி: நிமிர்ந்து நிற்கும் பழைய மெஷின்களில் விசிறி இறக்கை அடிக்கடி உடையுமாமே, ஏன்?

அவற்றில் அழுக்குக் காற்று முதலில் விசிறிக்குள் புகுந்து, பிறகுதான் தூசி சேரும் பைக்குப் போகும். நாணயமோ ஆணியோ மாட்டினால் நேரே இறக்கையில் அடிக்கும். 1921-இல் ஸ்வீடன் நிறுவனமான எலக்ட்ரோலக்ஸ் கொண்டுவந்த ‘மாடல் ஃபைவ்’ சறுக்குக் கட்டைகள் மீது இழுபடும் உருளை வடிவம். அதில் பை முன்னால், விசிறி பின்னால். விசிறிக்கு வடிகட்டிய காற்றுதான் போகும். இன்று வீடுகளில் நாம் பார்க்கும் இழுத்துச் செல்லும் மாடல்கள் இந்த வழியில் வந்தவை.

கேள்வி: பை பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனால் இழுவை துளியும் இல்லை. மோட்டார் சத்தம் மட்டும் கீச்சென்று ஏறுகிறது. மோட்டார் போச்சா?

பெரும்பாலும் மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். பையின் நுண்துளைகளை நைஸான தூசி அடைத்துவிடும், பை நிரம்ப வேண்டும் என்ற அவசியமே இல்லை. காற்று ஓட்டம் நின்றால் விசிறிக்குச் சுமை குறையும், வேகம் கூடும், அதனால்தான் கீச்சொலி. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: பல மெஷின்களில் மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே காற்றுதான். உடனே நிறுத்துங்கள். ஹோஸைக் கழற்றி உள்ளங்கையை மெஷினின் வாயில் வைத்துப் பாருங்கள். அங்கே நன்றாக இழுத்தால் அடைப்பு ஹோஸிலோ முனையிலோ. அங்கேயும் இழுக்கவில்லை என்றால் பை அல்லது ஃபில்டர். பெயின்ட் வேலை முடிந்த வீட்டில் பட்டி தேய்த்த பொடி, சிமென்ட், சாம்பல் இவற்றை வீட்டு மெஷினில் எடுக்கவே கூடாது. ஒரே நாளில் பை அடைந்துவிடும்.

கேள்வி: பையே இல்லாத சைக்லோன் மாடல் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா அண்ணா?

பாதி தீரும். சைக்லோன் முறை தொழிற்சாலைகளில் மரத்தூளைப் பிரிக்க முன்பே இருந்தது. ஜேம்ஸ் டைசன் என்ற ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் அதை வீட்டு அளவுக்குச் சுருக்க 5,127 முன்மாதிரிகள் செய்தார். அவருடைய சொந்தப் பெயரில் ‘டிசி01’ என்ற மாடல் 1993-இல் வந்தது. குறுகிக்கொண்டே போகும் கூம்புக்குள் காற்று வேகமாகச் சுழலும்போது தூசி சுவரில் மோதி கீழே விழும். மிக நைஸான தூசி மட்டும் தப்பி ஃபில்டருக்குப் போகும். ஆகவே ஃபில்டரைக் கழுவத்தான் வேண்டும். கழுவக்கூடியது என்று போட்டிருந்தால் மட்டும், வெறும் தண்ணீரில், சோப்பு இல்லாமல். 24 மணி நேரமாவது காயவிடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகி ஒட்டும், நாற்றமும் அடிக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் டைல்ஸ் தரை. சுழலும் பிரஷ் தேவையா?

தேவையில்லை. அது கம்பளத்துக்காகப் பிறந்த பாகம். டைல்ஸில் சுழன்றால் மணலைப் பின்பக்கம் சிதறடிக்கும். தனி ஸ்விட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மென்முடி வைத்த தட்டை முனையை மாட்டுங்கள்.