டேங்க் ஃபுல்லு, முள்ளு மட்டும் முக்கால்ல நிக்குது

கேள்வி: வணக்கம் சார். சொந்த ஊர் மதுரை, இப்ப இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கேன். என்கிட்ட 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர்னு ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு. போன வருஷம் டேங்க் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துடுச்சுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல புது டேங்க் போட்டாங்க. அதுலேருந்து பெட்ரோல் மீட்டர் கம்மியாவே காட்டுது, ஃபுல் அடிச்சா முக்கால், பாதி இருந்தா கால். டேங்க் உள்ள பெட்ரோல் அளவைப் பார்த்து மீட்டருக்குச் சொல்ற டேங்க் யூனிட்தான் போச்சுன்னு புதுசு மாத்தினாங்க, அப்பவும் அதே கதை. இப்ப மீட்டரையே மாத்தணும்னு சொல்றாங்க. மாத்திடவா? இன்னொண்ணு, சாவி போட்டா முள்ளு மேல வர அரை நிமிஷம் ஆகுது, அதுவும் இதே பழுதுதானா?
- லெஸ்டர் வாசகர்

பதில்: மீட்டர்ல கையே வைக்காதீங்க தம்பி. நீங்க எழுதினதுலயே விடை இருக்கு, டேங்க் மாத்தின நாள்லேருந்துதான் இந்தப் பிரச்சினை, அப்ப அந்த வேலையில என்ன மாறுச்சுன்னுதான் முதல்ல பார்க்கணும். புது டேங்க் மேல நல்லா கெட்டியா பெயிண்ட் இருக்கும், போல்ட்டும் அந்தப் பெயிண்ட் மேலயே உட்கார்ந்திருக்கும், இரும்பும் இரும்பும் தொடவே தொடாது. எனக்கு எர்த் மேலதான், அதாவது கரண்ட் காரோட பாடி வழியா பேட்டரிக்குத் திரும்பற பாதை மேலதான் சந்தேகம்.

ஏன்னு சொல்றேன். டேங்க் யூனிட்ல மிதவையோட ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கு, கரண்டைத் தடுக்கற வேலை அதுக்கு, அந்தத் தடையை ஓம்ஸ்ல அளப்பாங்க. டேங்க் நிறைஞ்சிருந்தா சுமார் 20 ஓம்ஸ், காலியானா 250 பக்கம் போயிடும். ஓம்ஸ் கூடக் கூட முள்ளு இறங்கும். மீட்டர்லேருந்து பச்சையில கறுப்புக் கோடு போட்ட வயர் வழியா வர்ற கரண்ட் இந்த யூனிட்டுக்குள்ள போய், அதோட உடம்பு வழியா பாடிக்குப் போய் சேரணும். அந்தக் கடைசி இடத்துல பெயிண்டோ துருவோ ஒரு 30 ஓம்ஸ் கூட்டிடுச்சுன்னா மீட்டருக்கு டேங்க்ல பெட்ரோல் குறைஞ்ச மாதிரிதான் தெரியும். யூனிட் புதுசா இருந்தாலும் எர்த் பழைய எர்த்தா இருந்தா என்ன பிரயோஜனம்?

வீட்டு வாசல்லயே பார்த்துடலாம். காத்தோட்டமான வெளியில நிறுத்தி, டேங்க் ஃபுல்லா இருக்கும்போதே செய்யுங்க. சாவியை ஆஃப் பண்ணிட்டு யூனிட்லேருந்து அந்தப் பச்சை கறுப்பு வயரைக் கழட்டுங்க. மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு ஒரு முனையை வயர் கழட்டின பின்னுல வைங்க, இன்னொரு முனையை யூனிட்டோட தகட்டுல வச்சு ஒரு ரீடிங், அப்புறம் காரோட பாடியில பெயிண்ட் இல்லாத இரும்புல வச்சு ஒரு ரீடிங். ரெண்டும் ஒண்ணா இருந்தா எர்த் சரியா இருக்கு. பாடியில வைக்கும்போது கூடக் காட்டினா, கூடுதலா வர்ற அந்த ஓம்ஸ்தான் உங்க வியாதி. மல்டிமீட்டர் இல்லைன்னா யூனிட்டோட தகட்டுலேருந்து பாடிக்கு ஒரு வயரை இழுத்து முறுக்கிட்டு சாவி போட்டுப் பாருங்க, முள்ளு ஃபுல்லுக்கு ஏறினா முடிஞ்சுது. வயரை மாட்டறது கழட்டறது எல்லாமே சாவி ஆஃப்ல இருக்கும்போதுதான், டேங்க் பக்கத்துல ஒரு சின்ன பொறிகூட வரக்கூடாது, இதை மட்டும் தயவுசெஞ்சு மறக்காதீங்க.

எர்த்தான்னு உறுதியாச்சுன்னா, டேங்க்கோட ஒரு போல்ட்டைக் கழட்டி அந்த இடத்துல பெயிண்டை வெள்ளையா இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டுங்க, பல்லு வச்ச வாஷர் போட்டு இறுக்கி மேல கொஞ்சம் வாசலின் தடவிடுங்க. நான் இதோட நிறுத்த மாட்டேன், யூனிட்லேருந்து பாடிக்குத் தனியா ஒரு கறுப்பு வயரும் போட்டுடுவேன்.

எர்த் சரியா இருந்தும் கம்மியா காட்டினா, பின்பக்கம் வயரெல்லாம் சேர்ற இடத்துல தோட்டா மாதிரி இருக்கற கனெக்டரைப் பிரிச்சுப் பாருங்க, அம்பது வருஷ ஈரத்துல அது பச்சை பூத்திருக்கும்.

டாஷ்போர்டு பின்னாடி இருக்கற ஸ்டெபிலைசரை மாத்துங்கன்னும் நிறைய பேர் சொல்வாங்க. வீட்டுல ஃப்ரிட்ஜுக்கு வைக்கற மாதிரிதான், பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் மீட்டருக்கு சராசரியா 10 வோல்ட் வர்ற மாதிரி பார்த்துக்கும். அதோட எர்த் விட்டுப்போச்சுன்னா முழு பேட்டரி வோல்டேஜும் மீட்டருக்குப் போய் முள்ளு கூடத்தான் காட்டும், உங்களுக்குக் கம்மியாத்தானே காட்டுது. இன்னொண்ணு, பழைய ஸ்டெபிலைசர் விட்டு விட்டுத்தான் கரண்ட் கொடுக்கும், மல்டிமீட்டர்ல நிலையா 10 நிக்காது, அதைப் பார்த்துட்டே நல்ல ஸ்டெபிலைசரைத் தூக்கிப் போட்டவங்க உண்டு.

முள்ளு மெதுவா ஏறுறது பழுதே இல்லை, அதை நினைச்சுக் கவலைப்படாதீங்க. அந்த மீட்டருக்குள்ள ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு பட்டை இருக்கு, அதைச் சுத்தி இருக்கற கம்பி சூடாகி பட்டை வளைஞ்சாத்தான் முள்ளு நகரும், சூடாக நேரம் வேணும்ல. அதனாலதான் வளைவுல திரும்பும்போது பெட்ரோல் அலம்பினாலும் முள்ளு ஆடாம நிக்குது, எனக்கு அந்த மீட்டர் மேல ஒரு தனி மரியாதையே உண்டு.

நான் கை பழகினது சென்னையில அம்பாசடர்ல. அதோட 1489 சிசி இன்ஜினும் உங்க எம்ஜிபியோட 1798 சிசி இன்ஜினும் ஒரே பி சீரிஸ் குடும்பம். அதனாலதான் உங்க லெட்டரைப் பார்த்ததும் சொந்தக்காரங்க வீட்டுக் கதை மாதிரி உட்கார்ந்து இவ்வளவு எழுதறேன்.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு வேலை பண்ணுங்க. டேங்க் நல்லா இறங்கற வரைக்கும் ஓட்டிட்டு, வண்டியில ஒரு கேன்ல பெட்ரோல் வச்சுக்கங்க, பங்க்ல அஞ்சு அஞ்சு லிட்டரா ஊத்தி ஒவ்வொரு தடவையும் முள்ளு எங்க நிக்குதுன்னு குறிச்சு வைங்க. உங்க டேங்க் 12 கேலன், அதாவது சுமார் 54 லிட்டர். கடைசியில கொஞ்சம் வித்தியாசம் வந்தா மீட்டர் பின்னாடி கார்க் அடைச்ச ரெண்டு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள இருக்கறதை ஸ்க்ரூ டிரைவரால துளித்துளியாத் திருப்பினா காலிக்கும் ஃபுல்லுக்கும் சரி பண்ணிக்கலாம். எர்த்தை முடிக்காம அதைத் தொடாதீங்க. ரெண்டு ரீடிங்கும் எவ்வளவு வந்துச்சுன்னு அடுத்த லெட்டர்ல எழுதுங்க.