பழகப் பழக இனிக்கும் கேம்கள்: வாசகர் கேள்வி-பதில்

சில கேம்கள் முதல் நாளே ஒட்டிக்கொள்ளும். சில வகைகள் ஒரு வாரமாவது மல்லுக்கட்டிய பிறகுதான் வழிக்கு வரும். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இரண்டாவது ரகத்தைப் பற்றியவை. படித்துப் பார்த்தால் அநேகமாக எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறது: திரையில் எதைக் கவனிப்பது, எதை விட்டுவிடுவது என்று தெரிவதில்லை. அதனால் பதில்களும் அதைச் சுற்றியே இருக்கும்.

கேள்வி: எல்டன் ரிங்கில் ரோல் பட்டனைச் சரியான நேரத்தில்தான் அழுத்துகிறேன். ஆனாலும் அடி விழுகிறது. நாற்பதைத் தாண்டிவிட்டேன், கை வேகம் போதவில்லையா?

வயதின் மேல் பழி போட வேண்டாம். இந்த கேமில் ஓடுவதற்கும் உருள்வதற்கும் ஒரே பட்டன். அழுத்திப் பிடித்தால் ஓட்டம், தட்டிவிட்டால் ரோல். ஆகவே விரலை எடுக்கும்போதுதான் ரோல் தொடங்குகிறது. பதற்றத்தில் பட்டனை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு ரோல் தாமதமாகத்தான் வரும். சுண்டிவிடுகிற மாதிரி தட்டிப் பழகுங்கள், பாதிக் குறை அதிலேயே தீரும்.

அடுத்த தப்பு, பயத்தில் இரண்டு முறை தட்டுவது. இரண்டாவது தட்டு வீணாகாது, காத்திருக்கும். முதல் ரோல் முடிந்ததும் நீங்கள் வேண்டாம் என்று நினைத்தாலும் இன்னொரு ரோல் வரும், எதிரியின் அடுத்த அடியும் அப்போதுதான் வந்து சேரும். ஸ்டாமினாவும் காலி.

உடைகளின் எடையையும் பாருங்கள். மொத்த எடை உங்கள் வரம்பில் 70 சதவீதத்தைத் தாண்டினால் ரோல் கனத்துப்போகும், தப்பிப்பது கடினம். அழகான இரும்புக் கவசம் கிடைத்த அன்றே இந்தச் சிக்கலும் ஆரம்பித்துவிடும். ஒரு துண்டைக் கழற்றினாலே போதும்.

இனி எதைப் பார்ப்பது என்ற கேள்வி. எதிரி ஆயுதத்தை ஓங்குவதைப் பார்த்து உருளாதீர்கள், அது இறங்கும்போது உருளுங்கள். ஆரம்பத்தில் வரும் பெரிய எதிரி மார்கிட் தடியை ஓங்கிவிட்டு வேண்டுமென்றே தாமதிப்பது, ஓங்கியதைப் பார்த்ததுமே உருள்கிறவர்களைப் பிடிக்கத்தான். பின்னால் உருண்டால் தடியின் நுனி எட்டிவிடும்; பக்கவாட்டாக, எதிரியை ஒட்டியே உருளுங்கள். முதல் ஐந்து முயற்சிகளில் ஒரு அடிகூட அடிக்க வேண்டாம், தப்பிப்பது மட்டும்தான் வேலை.

மார்கிட்டிடம் போகும் முன் தெற்கே இருக்கும் வீப்பிங் தீபகற்பத்தைச் சுற்றி வாருங்கள். உயிர் அளவைக் கூட்டும் விகர் 20 முதல் 25 வரை ஏறட்டும். எல்லே தேவாலயத்துப் பட்டறையில் ஆயுதத்தை +3 வரை ஏற்றிக்கொள்ளலாம். ஆரம்பக் கட்டத்தில் லெவல் ஏற்றுவதைவிட இதில் கிடைக்கும் பலன் அதிகம். தொடக்கத்திலேயே வழிமறிக்கும் தங்கக் கவசக் குதிரைக்காரனுடன் உடனே மோத வேண்டியதில்லை. சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொடுக்கத்தான் அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

கேள்வி: ஸ்லே த ஸ்பயரில் நல்ல நல்ல கார்டாகத்தான் எடுக்கிறேன். முதல் ஆக்ட்டையே தாண்ட முடியவில்லை. எல்லாம் அதிர்ஷ்டம்தானா?

"நல்ல நல்ல கார்டாக எடுக்கிறேன்" என்கிறீர்களே, கோளாறே அங்கேதான்.

இந்தக் கார்டு கேமில் முதலில் கிடைக்கும் வீரன் அயர்ன்கிளாடை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 10 கார்டு: 5 ஸ்ட்ரைக், 4 டிஃபெண்ட், 1 பாஷ். ஒவ்வொரு சுற்றிலும் 5 கார்டு கைக்கு வரும். அதாவது இரண்டு சுற்றில் முழுக் கட்டையும் பார்த்துவிடுவீர்கள். சண்டைக்கு ஒரு கார்டு என்று சேர்த்து 20 ஆக்கினால், ஒருமுறை சுற்றி வர நான்கு சுற்று ஆகும். நீங்கள் நம்பியிருக்கும் அந்த ஒரு பலமான கார்டு பாதித் தடவைதான் கைக்கு வரும். மூன்று கார்டு காட்டினால் ஒன்றை எடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. வேண்டாம் என்று தாண்டிப் போகலாம். கடையில் 75 தங்கம் கொடுத்து ஒரு ஸ்ட்ரைக்கைக் கழிப்பது பல நேரம் புதுக் கார்டு வாங்குவதைவிட லாபம். அடுத்தடுத்த முறை விலை 25 கூடும்.

முதல் ஆக்ட்டுக்குத் தேவை அடி. தற்காப்புக் கார்டுகளைச் சேர்த்துக்கொண்டு போனால் கிரெம்லின் நாப் என்ற எலீட் (சாதாரண எதிரியைவிடப் பலமானவன்) உங்களை முடித்துவிடும். நீங்கள் ஸ்கில் வகைக் கார்டு ஒன்றைப் போடும் ஒவ்வொரு முறையும் அவன் பலம் கூடும், டிஃபெண்ட்டும் ஸ்கில்தான். அவனிடம் தற்காக்கத் தற்காக்க அடி பெரிதாகும். முதல் மூன்று நான்கு சண்டைகளில் ஸ்ட்ரைக்கைவிட நன்றாக அடிக்கும் இரண்டு மூன்று அட்டாக் கார்டு சேர்ந்துவிட்டால் எலீட்டைத் தேடிப் போகலாம்.

எதிரியின் தலைக்கு மேல் இருக்கும் குறி அடுத்து என்ன செய்யப்போகிறது என்று சொல்லிவிடும். எதிரி அடிக்காத சுற்றில் டிஃபெண்ட் போடுவது எனர்ஜிக்குத் தண்டம். போஷன்களையும் கடைசி பாஸுக்கு என்று பூட்டி வைக்காதீர்கள். மூன்றே இடம்தான், நிரம்பினால் அடுத்து வருவதை எடுக்க முடியாது. அதிர்ஷ்டமும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தொடர்ந்து ஜெயிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதே போதுமான பதில்.

கேள்வி: ஃபேக்டோரியோவில் இரண்டு மணி நேரம் கட்டிய பிறகு மொத்த தொழிற்சாலையும் மெல்ல மெல்ல நின்றுபோனது. எதையும் உடைக்கவில்லை. எங்கே தப்பு?

பெரும்பாலும் மின்சாரம்தான். ஏதாவது ஒரு கம்பத்தைக் கிளிக் செய்தால் மின்சார வரைபடம் திறக்கும். தேவைக்கு ஈடாக வரவில்லை என்று அங்கே தெரிந்தால் நடந்தது இதுதான்: நிலக்கரியைத் தோண்டும் இயந்திரமும் மின்சாரத்தில் ஓடுகிறது, அதை எடுத்து பாய்லரில் போடும் இன்செர்ட்டரும் மின்சாரத்தில் ஓடுகிறது. புதிதாகப் பத்து இயந்திரம் சேர்த்தீர்கள், மின்சாரம் பற்றவில்லை, இரண்டும் மெதுவானது. நிலக்கரி குறைந்தது, மின்சாரம் இன்னும் குறைந்தது. இப்படியே சுழன்று அணைந்துவிட்டது.

உடனடி வைத்தியம்: கையால் நிலக்கரி எடுத்து ஒவ்வொரு பாய்லரிலும் போடுங்கள். நிரந்தர வைத்தியம்: பாய்லருக்கு ஊட்டும் இன்செர்ட்டர்களை மட்டும் பர்னர் இன்செர்ட்டராக மாற்றுங்கள். அவை தாங்கள் தூக்கும் நிலக்கரியிலேயே ஓடும், மின்தடை தெரியாது. 1 பாய்லருக்கு 2 ஸ்டீம் இன்ஜின் என்ற கணக்கை மீறாதீர்கள். பாய்லர் 1.8 மெகாவாட், இன்ஜின் ஒன்று 900 கிலோவாட். மூன்றாவது இன்ஜின் சும்மா நிற்கும்.

இன்னும் சில அளவுகள் மனதில் இருந்தால் பாதித் தலைவலி குறையும். மஞ்சள் பெல்ட் நொடிக்கு 15 பொருள் கொண்டுபோகும். அதை நிரப்ப 30 மின்சார டிரில், அந்தத் தாதுவை முழுதும் உருக்க 48 கல் உலை, பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் 24, அந்தப் பக்கம் 24. பச்சை சர்க்யூட்டுக்கு 3 செப்புக் கம்பி இயந்திரம், 2 சர்க்யூட் இயந்திரம். ஆராய்ச்சிக்கான சிவப்பு சயின்ஸ் செய்யும் 10 இயந்திரத்துக்கு ஒரே ஒரு கியர் இயந்திரம் போதும். அதே ரக இயந்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த கேம் பிடிக்க ஆரம்பிப்பது பெல்ட்டைப் படிக்கத் தெரிந்த நாளில். பெல்ட் நிரம்பி அசையாமல் நின்றால் கோளாறு முன்னால்: வாங்குகிற இயந்திரம் போதவில்லை. காலியாக ஓடினால் கோளாறு பின்னால்: தருகிற இடம் போதவில்லை. பெல்ட்டின் ஒரு பாதி மட்டும் காலி என்றால் இன்செர்ட்டர் ஒரே ஓரத்தில் போடுகிறது என்று அர்த்தம். நூடுல்ஸ் மாதிரி சிக்கிக் கிடக்கிறதே என்று முதல் தொழிற்சாலையை இடிக்க வேண்டாம். அதை ஓடவிட்டு, அது தரும் பெல்ட்டையும் இன்செர்ட்டரையும் எடுத்துப்போய்ப் பக்கத்துக் காலி இடத்தில் புதிதாகக் கட்டுங்கள்.

கேள்வி: எக்ஸ்காம் 2-இல் 85 சதவீதம் என்று காட்டுகிறது, குண்டு தவறுகிறது. கேம் ஏமாற்றுகிறதா?

இல்லை. சுலப நிலைகளில் மறைமுகமாக உங்களுக்குத்தான் உதவுகிறது. 85 சதவீதக் குறியில் மூன்று முறை சுட்டால் மூன்றும் படும் வாய்ப்பு 61 சதவீதம்தான். கிரனேட் தவறாது, மறைவிடத்தையும் உடைக்கும். அதை முதலில் வீசி, துப்பாக்கியைப் பிறகு எடுங்கள். கடைசி வீரனைத் தெரியாத பக்கம் ஓடவிடாதீர்கள், புதுக் கூட்டம் ஒன்று விழித்துக்கொள்ளும்.

கேள்வி: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் காம்போ எல்லாம் பயிற்சியில் வருகிறது. ஆன்லைனில் போனால் ஒன்றும் நடப்பதில்லை, தினமும் தோல்விதான்.

காம்போவை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். கீழ்நிலை ராங்குகளில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம்: குதித்து வருபவரை அடிப்பது, டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடிக்குப் பதில் சொல்வது.

நீங்கள் ஆடும் வீரன் ரியூ என்றால் குனிந்து ஹெவி பஞ்ச். எதிராளி குதித்தால் அது ஒன்றுதான். ஒரு வாரத்துக்கு வெற்றி தோல்வியைக் கணக்கில் எடுக்க வேண்டாம், எத்தனை குதிப்பை அடித்தீர்கள் என்று மட்டும் பாருங்கள். டிரைவ் இம்பாக்ட் வெளிப்பட 26 ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் அது அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. எதிர்பார்த்து நின்றால் பதிலுக்கு உங்கள் டிரைவ் இம்பாக்ட்டைப் போட அந்த நேரம் தாராளம். பயிற்சி முறையில் பொம்மையை டிரைவ் இம்பாக்ட், சாதாரண அடி என்று மாறி மாறி அடிக்குமாறு பதிவு செய்து தினமும் பத்து நிமிடம் பழகுங்கள். சுவர் மூலையில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை: அங்கே அதைத் தடுத்தாலும் சுவரில் மோதித் தடுமாறுவீர்கள்.

ரியூ எறியும் ஹடூகன் பந்து சில நேரம் வந்து சில நேரம் வெறும் குத்தாகப் போகிறது என்றால் பயிற்சி முறையில் இன்புட் வரலாற்றை இயக்குங்கள். கீழ், குறுக்கு, முன் என்று மூன்று அம்பும் வந்த பிறகு பஞ்ச் வர வேண்டும். பலருக்குக் குறுக்கு அம்புடனேயே பஞ்ச் விழுந்திருக்கும். கட்டைவிரல் முன்பக்கம் போய்ச் சேர்வதற்குள் அவசரம். மாடர்ன் என்ற எளிய கட்டுப்பாட்டில் ஒரே பட்டனில் வரும், சேதம் 20 சதவீதம் குறையும். அதில் ஆடுவது கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வைஃபை வேண்டாம், கேபிள் செருகுங்கள்.

கேள்வி: முதல்-நபர் கேம்கள் ஆடினால் பதினைந்து நிமிடத்தில் தலைசுற்றல், குமட்டல். இந்த வகையே எனக்கு ஒத்துவராதா?

ஒத்துவரும் வாய்ப்பு நிறைய. செட்டிங்ஸில் ஃபீல்ட் ஆஃப் வியூவை (திரையில் தெரியும் பார்வைக் கோணம்) 90 முதல் 100 வரை ஏற்றுங்கள். மோஷன் பிளர், கேமரா ஷேக், நடக்கும்போது தலை ஆடுவது மூன்றையும் அணையுங்கள். மைன்கிராஃப்ட்டில் இந்தத் தலை ஆட்டத்துக்கு வியூ பாபிங் என்று பெயர். ஃபிரேம் ரேட் ஏறி இறங்கினால் கிராஃபிக்ஸைக் குறைத்து நிலையாக வையுங்கள். அறையில் விளக்கு எரியட்டும், திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள். முக்கியமாக, முதல் அறிகுறி தெரிந்ததும் நிறுத்துங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரும்.

கேள்வி: சிவிலைசேஷன் 6-இல் முதல் ஐம்பது டர்ன் வெறும் "நெக்ஸ்ட் டர்ன்" அழுத்துவதாகவே போகிறது. இருநூறாவது டர்னில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முதலில் ஆட்டத்தைச் சின்னதாக்குங்கள். டைனி மேப், 4 பேர், ஆன்லைன் வேகம். ஸ்டாண்டர்டில் 500 டர்ன் போவது இதில் 250. ஒரு முழு ஆட்டத்தை முடித்துப் பார்க்காமல் இந்த வகை பிடிக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆரம்பம் வெறுமையாகத் தெரிவது யுரேகாக்களைப் பார்க்காததால். ஒவ்வொரு தொழில்நுட்பத்தின் கீழும் ஒரு சிறு வேலை எழுதியிருக்கும். கவண் வீரனான ஸ்லிங்கரால் ஒரு எதிரியைக் கொன்றால் வில்வித்தை, வேறொரு நாட்டைச் சந்தித்தால் எழுத்து, குவாரி கட்டினால் கல்வேலை. செலவில் 40 சதவீதம் கழியும். முதலில் ஸ்கவுட், பிறகு ஸ்லிங்கர், பிறகு செட்லர் என்று போனால் அந்த ஐம்பது டர்னும் வேலையால் நிறையும். ஊரை ஆறு, ஏரிக்கரையில் வையுங்கள்: நன்னீர் இருந்தால், ஊரில் மக்கள் பெருக இடம் தரும் ஹவுசிங் 5, நீரே இல்லாவிட்டால் 2. உங்கள் ஊரைப் பார்த்துவிட்ட காட்டுமிராண்டி ஸ்கவுட் தன் முகாமுக்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் படை வரும்.

2025-இல் வந்த ஏழாவது பதிப்பில் சோழர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அங்கிருந்து தொடங்க ஆசை வரலாம். தொடங்கலாம்தான். ஆனால் ஆறு அடிக்கடி பெரிய தள்ளுபடியில் கிடைக்கிறது, உதவிக் குறிப்புகளும் குவிந்து கிடக்கின்றன.

கேள்வி: பிடிக்கிறதா என்று தெரிய நாள் ஆகும் என்கிறீர்கள். ஸ்டீமில் பணம் போய்விடுமே?

வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கேட்கலாம். மெனுவில் உட்கார்ந்திருக்கும் நேரமும் அதில் சேரும். இந்த வகைகளுக்கு இரண்டு மணி நேரம் போதாது என்பது உண்மை, அதனால் டெமோவில் தொடங்குங்கள். ஃபேக்டோரியோவுக்கும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கும் இலவச டெமோ உண்டு. ஃபேக்டோரியோவைத் தள்ளுபடிக்காகக் காத்திருக்க வேண்டாம், அதன் நிறுவனம் தள்ளுபடி தருவதே இல்லை. ஏன் தோற்றோம் என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தும் மறுபடி ஆட மனம் வரவில்லையா, விட்டுவிடுங்கள். காரணமே தெரியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

கேள்வி: என்னிடம் சாதாரண ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான். நெட் இல்லாமல் ஆட வேண்டும்.

அன்சிவ், ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன். இரண்டும் இலவசம். முன்னது சிவிலைசேஷன் 5-இன் சாயல், பின்னது ரோக்லைக், அதாவது செத்தால் முதலிலிருந்து தொடங்கும் வகை.

டஞ்சனில் வாரியரை எடுங்கள். பெயர் தெரியாத ஒரே சுருள் இரண்டு மூன்று சேர்ந்தால் அது பெரும்பாலும் ஆயுதத்தையோ கவசத்தையோ பலப்படுத்தும் அப்கிரேட்தான். எதிரி இல்லாத இடத்தில் படித்து, கிடைப்பதையெல்லாம் ஒரே கவசத்திலோ ஒரே ஆயுதத்திலோ போடுங்கள், பிரித்துப் போட்டால் எதுவும் உதவாது. தெரியாத போஷனைத் தண்ணீரில் நின்று, கதவுக்குப் பக்கத்தில் குடியுங்கள். தீயாக இருந்தால் தண்ணீர் காப்பாற்றும், விஷப்புகையாக இருந்தால் கதவைத் தாண்டி ஓடலாம். ஐந்தாம் தளத்துப் பெரிய எதிரியான கூ தண்ணீரில் நின்றால் உயிர் ஏற்றிக்கொள்ளும், தரைக்கு இழுத்துவந்து அடியுங்கள். அது உப்பத் தொடங்கினால் மூன்று கட்டமாவது விலகி நில்லுங்கள்.