அம்மாவுக்குப் பிறகு நான்கு நாள்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளி ஆசிரியை. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டேன். ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னமும் நடுராத்திரியில் அவர் கூப்பிட்டது போல எழுந்து உட்காருகிறேன். அரையாண்டு விடுமுறையில் நான்கு நாள் தனியாகப் போய் இருந்துவிட்டு வர ஆசை. விபாசனா தியான வகுப்பா, திருவண்ணாமலையா? எழுவது, தியானம், படிப்பது எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைத்திருக்கிறேன். சரிதானா?

க.

அன்புள்ள க.,

முதலில் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். மருந்து வேளை, கஞ்சி வேளை, துணி மாற்றும் வேளை என்று இரண்டு வருஷம் கடிகாரத்தோடு வாழ்ந்தது போதும்.

விபாசனா நல்ல பயிற்சிதான். ஆனால் முதல் வகுப்பே 10 நாள். போக, வர என்று சேர்த்தால் 12. விடிகாலை 4 மணிக்கு எழுந்து, நாளுக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். தூக்கம் கெட்ட உடம்போடு அங்கே போகாதீர்கள். உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்.

திருவண்ணாமலைக்கே போங்கள். ரமணாசிரமத்தில் அறைக்கு வாடகை இல்லை, முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அரையாண்டு விடுமுறையை ஒட்டித்தான் பெரும்பாலும் மார்கழிப் புனர்பூசத்தில் ரமண ஜெயந்தி வரும். அதையும் பௌர்ணமியையும் தவிர்த்துத் தேதி கேளுங்கள்; கூட்டத்தில் ஓய்வு கிடைக்காது. போன அன்று தூங்குங்கள். மதியமானாலும் சரி, எழுந்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

அந்த இடத்தைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 1896-இல், பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்தவர் ரமணர். அம்மா அழகம்மாள் தேடி வந்து அழுது கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. பல வருஷம் கழித்து அந்த அம்மாவே மலைக்கு வந்து மகனோடு தங்கிவிட்டார். மலைமேல் இருக்கும் கந்தாசிரமத்தில் சமைத்துப் போட்டார். 1922 மே மாதம் அவருடைய கடைசி நாளில், ஒரு கையை அம்மாவின் நெஞ்சிலும் இன்னொரு கையைத் தலையிலும் வைத்தபடி ரமணர் உயிர் பிரியும்வரை கூடவே இருந்தார். மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். மலையிலிருந்து அங்கே இறங்கி வந்து போய்க்கொண்டிருந்தவர் பிறகு அங்கேயே தங்கிவிட்டார். அந்தச் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ஆசிரமம். அதன் மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் சந்நிதியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மந்திரம் எதுவும் வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள்.

ஆசிரமத்துக்குப் பின்னாலிருந்தே கந்தாசிரமத்துக்குக் கல் பாவிய பாதை ஏறுகிறது. வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள். கையில் பழம் எடுத்துப் போகாதீர்கள், குரங்குகள் விடாது. மேலே வழியில் ஓரிடத்தில் பெரிய கோவில் கோபுரங்களோடு முழுசாகத் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலத்தை இந்த முறை விட்டுவிடுங்கள்.

புத்தகங்களுக்குப் பதில் ஒரு வெற்று நோட்டு போதும். படுக்கையில் இருந்த அம்மாவை எழுத வேண்டாம். அதற்கு முந்தைய அம்மாவை எழுதுங்கள்: ரசம் எப்படி வைப்பார், யாரோடு சண்டை போடுவார், உங்களை எதற்கெல்லாம் அடித்திருக்கிறார். நோய் அந்த அம்மாவை மறைத்து வைத்திருக்கிறது, அவரை மீட்டெடுக்கத்தான் இந்தத் தனிமை உங்களுக்கு வேண்டும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குச் சாயங்காலம் ஒரு போன் போதும், அதை முன்பே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு வந்து இறங்குகிற மாதிரி பஸ் டிக்கெட் எடுக்காதீர்கள். நடுவில் ஒரு நாளாவது வீட்டில் சும்மா இருங்கள்.