தாய்ப்பால் பிள்ளைக்குப் பாட்டில் பழக்குவது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்குப் பதினோரு வாரம். இன்னும் நான்கு வாரத்தில் நான் டர்பனில் வேலைக்குத் திரும்ப வேண்டும். இதுவரை நேரடியாகத் தாய்ப்பால்தான். என் பாலையே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். உதட்டில் பட்டதும் அலறி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பட்டினி போட்டால் தானாகக் குடிப்பாள் என்று வீட்டில் சொல்கிறார்கள். எந்த பாட்டில் வாங்கலாம்?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: பட்டினி போடும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். பசி முற்றி அழுகிற பிள்ளைக்குப் புதிதாக ஒன்றைப் பழகும் பொறுமை இருக்காது. அழும் வாயில் திணித்தால் பாட்டிலைக் கண்டாலே பயம் என்று ஆகிவிடும். அந்தப் பயத்தைப் போக்குவது, பழக்காத பிள்ளைக்குப் பழக்குவதைவிடக் கடினம். நான்கு வாரம் என்பது நல்ல அவகாசம்.

மார்பில் குடிக்கும் பிள்ளை வாயை அகலத் திறந்து, காம்போடு கருவளையத்தையும் கவ்வி, நாக்கை அசைத்துப் பாலை இழுக்கிறது. முதல் சில உறிஞ்சலுக்குப் பால் அதிகம் வராது. பிறகு சுரக்கும், நடுவில் பிள்ளை ஓய்வெடுக்கும். வேகம் முழுக்க அதன் வசம். பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தாலோ, கேட்டாலும் கேட்காவிட்டாலும் பால் தொண்டைக்குப் போகிறது. உங்கள் மகள் மறுப்பது உங்கள் பாலை அல்ல, இந்த வேகத்தையும் பழகாத ரப்பரையும்தான். இன்னொன்று, பிறந்த புதிதில் வாயில் எது பட்டாலும் உறிஞ்சும் அனிச்சை இருக்கும். மூன்று மாதம் நெருங்கும்போது அது குறைந்து, பிள்ளை தன் விருப்பப்படி உறிஞ்சத் தொடங்கும். பால் குடிப்பது நன்றாக ஊன்றிய பிறகு, நான்காவது வாரத்துக்கு மேல் தொடங்கினால் சுலபம் என்று சொல்வது இதனால்தான். நீங்கள் சற்றுத் தாமதம், அவ்வளவுதான்.

முதல் வாரம் நாளுக்கு ஒரே ஒரு முறை. அளவு 15 முதல் 30 மில்லி போதும். அது உணவு அல்ல, பழக்கம். கடைசியாகக் குடித்து ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் கழித்து, விழித்து நல்ல மனநிலையில் இருக்கும்போது கொடுங்கள். கொடுப்பது அப்பாவோ ஆயாவோ சித்தியோ ஆகட்டும். உங்கள் வாசனை பக்கத்தில் இருந்தால் அவள் பாட்டிலை ஏன் வாங்கப் போகிறாள்? அடுத்த அறையில் நின்றால் போதாது, பல பிள்ளைகளுக்கு அம்மா வீட்டைவிட்டே வெளியே போக வேண்டியிருக்கும்.

கொடுக்கும் முறைதான் இதில் முக்கியம். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்காமல், தலையும் முதுகும் தாங்கலாக, ஏறக்குறைய நிமிர்ந்து உட்காரவையுங்கள். நிப்பிளால் மேலுதட்டை மெல்லத் தடவுங்கள். அவளே வாயை அகலத் திறந்து இழுத்துக்கொள்ளும் வரை காத்திருங்கள். நாமாக உள்ளே தள்ளக்கூடாது. பாட்டில் தரைக்கு இணையாகப் படுக்கைவசத்தில் இருக்கட்டும், நிப்பிளின் முனையில் பால் நின்றால் போதும். ஐந்தாறு விழுங்கலுக்கு ஒரு தடவை பாட்டிலின் அடிப்பகுதியைத் தாழ்த்திப் பாலை நிறுத்துங்கள். அவள் மறுபடி உறிஞ்சினால் உயர்த்துங்கள். பாதியில் பக்கம் மாற்றி உட்காரவையுங்கள். முழு அளவு கொடுக்கும் காலத்தில் ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடம் ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தில் காலியானால் வேகம் அதிகம் என்று அர்த்தம். விரல்களை விரிப்பது, நெற்றியைச் சுருக்குவது, வாயோரம் பால் வழிவது எல்லாம் 'நிறுத்து' என்று அவள் சொல்வது.

அழத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள். மொத்த முயற்சியும் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தேற்றிவிட்டு, அன்றைக்கு விட்டுவிடலாம். அழுத கையோடு மார்பில் போடாமல் சில நிமிடம் தோளில் வைத்து அமைதியாக்கிவிட்டுப் பால் கொடுங்கள்.

எந்த பாட்டில் என்ற கேள்விக்குப் பெயர் சொல்ல மாட்டோம். குழந்தைப் பால்மாவோடு பாட்டிலையும் நிப்பிளையும் விளம்பரப்படுத்துவதைத் தென்னாப்பிரிக்காவின் 2012ஆம் ஆண்டு ஆர்991 விதிமுறை தடுக்கிறது. அது நல்ல விதி. 'அம்மாவின் மார்பைப் போலவே' என்ற பேச்சை நம்பி நான்கு பாட்டில் வாங்குவது வீண் செலவு. பார்க்க வேண்டியவை இரண்டே: பால் மெதுவாக வரும் முதல் நிலை நிப்பிள், முனையிலிருந்து அடிவரை படிப்படியாக அகலமாகும் வடிவம். முனை ஒடுங்கி அடியில் திடீரென விரியும் நிப்பிளில் பிள்ளை நுனியை மட்டும் கவ்விப் பழகும். அந்தப் பழக்கத்தோடு மார்புக்கு வந்தால் உங்கள் காம்பு புண்ணாகும். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், கோடாக ஓடக்கூடாது.

ஒரு வாரத்தில் அசையவில்லை என்றால் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்: நிப்பிளை வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் கொடுப்பது, முதுகு கொடுப்பவரின் மார்பில் சாய்ந்து முகம் வெளியே பார்க்க உட்காரவைப்பது, மெல்ல நடந்துகொண்டே கொடுப்பது, அரைத் தூக்கத்தில் கொடுப்பது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. மார்பையும் சேர்த்து மறுத்தாலோ, குடிக்கும்போது இருமி உதடு நீலம் பூத்தாலோ, வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை இருந்தாலோ, காத்திருக்காமல் கிளினிக் சிஸ்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கிரெச்சில் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை இருப்பான். எவ்வளவு பால் கொடுத்தனுப்ப வேண்டும்? ஒரு பாட்டிலுக்கு 200 மில்லி கேட்கிறார்கள். மகனுக்கு நான்கு மாதம்.
– வாசகி, வெருலம்

பதில்: 200 மில்லி என்பது பால்மா குடிக்கும் பிள்ளைகளின் கணக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை நாளுக்கு ஏறக்குறைய 750 மில்லிதான் தேவை. பிள்ளைக்குப் பிள்ளை கூடும் குறையும். ஆனால் மாதம் ஏற ஏற அளவு பெரிதாக ஏறாது. பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி என்று வையுங்கள். ஒன்பது மணி நேரத்துக்கு 270 முதல் 400 மில்லி. அதை 80 மில்லி வீதம் நான்கு பாட்டிலில் ஊற்றி, கூடுதலாக 40 மில்லி வீதம் இரண்டு சிறிய பாட்டில் அனுப்புங்கள். பெரிய பாட்டிலில் மிஞ்சும் பாலைக் கொட்ட வேண்டிவரும். பாடுபட்டுப் பீய்ச்சிய பால் வீணாகும்.

எட்டு மணிக்கு வாசலிலேயே ஒரு தடவை மார்பில் கொடுத்துவிட்டு விடுங்கள். மாலை அழைத்துவரும்போதும் அப்படியே. கடைசி ஒரு மணி நேரத்தில் பாட்டில் நிறையக் கொடுக்க வேண்டாம் என்று அங்கே சொல்லிவையுங்கள். மேலே சொன்ன நிமிர்த்தி, நிறுத்தி நிறுத்திக் கொடுக்கும் முறையை ஒரு நாள் நேரில் செய்து காட்டுங்கள். இதைச் சொல்லிக்கொடுக்காததால்தான், வேகமாகக் குடித்துப் பழகிய பிள்ளை பிறகு மார்பில் பொறுமை இல்லாமல் இழுத்து அழுகிறது. தாய் தனக்குப் பால் வற்றிவிட்டது என்று நினைத்துவிடுகிறாள்.

கேள்வி: பேத்தியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நிப்பிளில் தேன் தடவினால் குடிப்பாளா? அந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டிலில் ரூய்போஸ் என்ற மூலிகை டீ கொடுத்திருக்கிறோம். மருமகள் வேண்டாம் என்கிறாள்.
– ஒரு ஆயா, ஃபீனிக்ஸ்

பதில்: மருமகள் சொல்வது சரி, அம்மா. தேனை ஒரு வயது முடியும் வரை நாவில்கூடத் தடவக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைகள் சிறு குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். உடல் துவண்டு மூச்சு முட்டும் அளவுக்குப் போகலாம். ரூய்போஸில் காஃபீன் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆறு மாதம் வரை டீயோ தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ சின்ன வயிற்றை நிரப்பிப் பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிப்பிளில் தடவ வேண்டுமானால் மருமகளின் பாலையே இரண்டு சொட்டுத் தடவுங்கள்.

உங்கள் அனுபவம் உதவும் இடம் வேறு. பாட்டில் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு நம் சங்கு இருக்கிறதே! அல்லது விளிம்பு மழுங்கிய சிறிய கிண்ணம். கழுவுவதற்குச் சுலபம், நிப்பிளில் தேங்கும் அழுக்கு இதில் இல்லை. ஆனால் பழைய பழக்கத்தில் ஒன்றை மாற்ற வேண்டும். மடியில் மல்லாக்கக் கிடத்தி வாய்க்குள் ஊற்றக்கூடாது. பால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும். நிமிர்த்தி உட்காரவைத்து, கைகள் தட்டிவிடாதபடி துணியால் தளர்வாகச் சுற்றி, விளிம்பைக் கீழுதட்டில் வைத்துப் பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாயுங்கள். அவளே நக்கியோ உறிஞ்சியோ எடுத்துக்கொள்வாள். கொஞ்சம் சிந்தும், மார்பில் ஒரு துணி கட்டிவிடுங்கள். ஆறு மாதத்தை நெருங்கும் பிள்ளையாக இருந்தால் பாட்டிலே பழக்காமல் நேரே கிண்ணத்துக்குப் போய்விடலாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: பீய்ச்சிய பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்? மின்வெட்டு வந்தால் ஃப்ரீசரில் இருப்பதைக் கொட்டிவிட வேண்டுமா? உருக்கிய பாலில் சோப்பு வாசனை வருகிறதே?
– வாசகி, டோங்காட்

பதில்: 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் நான்கு மணி நேரம். நம் கரையோரத்தின் ஜனவரி வெக்கையில் அந்தக் கணக்கை நம்பாமல் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் நான்கு நாள், கதவில் அல்ல, உள்ளே பின்புறம். ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை தரம் குறையாது. ஐஸ் கட்டிகள் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம். உருகிய பாலை ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். பிள்ளை வாய் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 60 மில்லிப் பைகளாகத் தேதி எழுதி, படுக்கைவசத்தில் உறையவிட்டால் சீக்கிரம் உருகும்.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள், முக்கியமே அதுதான். நிறைந்த ஃப்ரீசர் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். அதனால் காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து நிரப்பிவையுங்கள். திறக்கும்போது பாலில் பனித்துகள் இருந்தால் மறுபடி உறையவைக்கலாம்.

சூடாக்க, பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரிடம் கொதித்து ஓரிடம் ஆறி வாய் வெந்துவிடும். மேலே திரளும் கொழுப்பு கெட்டுப்போன அடையாளம் அல்ல, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

சோப்பு வாசனைக்குக் காரணம் பாலிலேயே இருக்கும் லைபேஸ் என்ற நொதி. கொழுப்பை அது சிதைப்பதால் வாசனை மாறுகிறது. கெடுதல் இல்லை, ஆனால் சில பிள்ளைகள் தொட மாட்டார்கள். பாட்டிலை மறுக்கும் பிள்ளையின் பிரச்சினை சில சமயம் பாட்டிலே அல்ல, இதுதான். புதிதாகப் பீய்ச்சிய பாலைக் கொடுத்துப் பாருங்கள். குடித்தால் காரணம் தெரிந்துவிட்டது. இனி எடுக்கும் பாலை உறையவைப்பதற்கு முன் சிறு பாத்திரத்தில், ஓரத்தில் குமிழி வரும் வரை மட்டும் சுடவைத்து, உடனே குளிர்நீரில் வைத்து ஆற்றி உறையவையுங்கள். கொதிக்க விடாதீர்கள். ஏற்கெனவே வாசனை வந்துவிட்ட பாலுக்கு இது பலிக்காது. வீணாக்காமல் நல்ல பாலோடு கலந்து கொடுத்துப் பாருங்கள்.

பாட்டிலையும் நிப்பிளையும் பகுதி பகுதியாகக் கழற்றி சோப்பு நீரில் பிரஷ் போட்டுக் கழுவிய பிறகே கிருமிநீக்கம். பத்து நிமிடம் கொதிக்கவைக்கலாம். அல்லது கிருமிநீக்கும் மாத்திரை கரைத்த நீரில் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி மூழ்கவைத்து, அந்த நீரை 24 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றலாம்.

கேள்வி: வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. ஐந்து மாத மகன் கிரெச்சில் 60, 70 மில்லிதான் குடிக்கிறான். இரவெல்லாம் என்னை விடுவதில்லை. பாலும் குறைவது போல் இருக்கிறது.
– வாசகி, லெனேசியா

பதில்: பகலில் பசியைத் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு மட்டும் குடித்துவிட்டு, அம்மா வந்ததும் கணக்கைத் தீர்த்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. 24 மணி நேரத்தில் ஆறு நாப்பிக்குக் குறையாமல் நனைந்து, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் அவனுக்குப் போதுமான பால் கிடைக்கிறது. அவனை மாற்றப் போராடாமல், உங்கள் தூக்கத்தைக் காப்பாற்ற வழி பாருங்கள்: மாலை வந்ததும் படுக்கும் முன்பும் இரண்டு மூன்று முறை நிறையக் கொடுப்பது, சனி ஞாயிறில் பாட்டிலே இல்லாமல் மார்பில் மட்டும் கொடுப்பது.

வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பீய்ச்சாவிட்டால் சுரப்பு உண்மையிலேயே குறையும். மார்பு கட்டிக்கொள்ளும் வரை காத்திருப்பது உடலுக்கு 'இவ்வளவு வேண்டாம்' என்று சொல்வது. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும் வரை, வேலை நாளில் இரண்டு முறை 30 நிமிடம் பாலூட்டவோ பீய்ச்சவோ இடைவேளை தர வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் கர்ப்பிணி, தாய்மார் பணியாளர்களுக்கான நன்னடத்தைக் கோவை சொல்கிறது. மேலாளரிடம் வாய்மொழியாக அல்லாமல் எழுத்தில், நேரத்தையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். கதவு பூட்டும் ஓர் அறையும் கேளுங்கள், கழிப்பறையை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

பம்ப் வலித்தால் மார்பில் வைக்கும் புனலின் அளவு பொருந்தாமல் இருக்கலாம். காம்பு பக்கச் சுவரில் உரசாமல் தாராளமாக அசைய வேண்டும். பம்ப் நின்ற பிறகு இரண்டு நிமிடம் கையால் பீய்ச்சுங்கள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் காம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து விடுங்கள். தோலின் மேல் இழுத்து உரசாதீர்கள். பம்ப் விட்டுவைத்த பால் இதில் வரும், அடுத்த சில நாளில் சுரப்பும் ஏறும்.