அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, ஆள்தான் வரவில்லை

பழைய மாணவர் சந்திப்பில் மேடையேறிப் போட்டோ எடுத்துக்கொள்பவர்கள் நூறு பேர் என்றால், பின்கட்டில் நின்று பில் கட்டுபவர்கள் நாலு பேர்தான். இந்த வாரக் கேள்விகள் எல்லாம் அந்த நாலு பேர் அனுப்பியவை.

கேள்வி: பி.காம். முடித்து 25 ஆண்டு ஆனதைக் கொண்டாட, திருச்சியில் ஒரு மண்டபம் பிடித்தோம். வாடகை 80,000 ரூபாய். பாதியை அட்வான்ஸாகக் கொடுத்தோம். அதே ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டித் தேர்வு வந்து, ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களுக்கெல்லாம் டியூட்டி போட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் முன்பே தேதியை ரத்து செய்தோம். 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார் மேலாளர். அந்தத் தேதியை ஒரு காதுகுத்துக்குக் கொடுத்துவிட்டாராம். பணம் போனது போனதுதானா?

பதில்: அப்படி விட்டுவிட வேண்டாம். அந்தக் காதுகுத்துதான் உங்கள் பலம்.

ரசீதில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் மட்டும் முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் 'நியாயமான' ஈட்டைத்தான் கேட்கலாம் என்கிறது. அதே நாளுக்கு வேறொருவரிடம் வாடகை வாங்கிவிட்டவருக்கு அப்படி என்ன பெரிய நஷ்டம்? அந்தக் காதுகுத்துப் பத்திரிகை ஒன்று கிடைக்குமா என்று பாருங்கள். மண்டபத்தின் பெயரும் தேதியும் அதிலேயே இருக்கும். அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

முதலில் சண்டை போடாமல், புதிய தேதிக்கு அட்வான்ஸைக் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். முகூர்த்தமில்லாத ஞாயிறு என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மறுத்தால் எழுத்தில் கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். சென்னையில் இருந்துகொண்டு திருச்சிக்கு அலைய வேண்டாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். ஒரு நுணுக்கம்: மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று கேளுங்கள். 'ஒப்பந்தமே நியாயமற்றது' என்று வாதாடினால் அது மாநில ஆணையம் பார்க்க வேண்டிய விஷயமாகிவிடும்.

ரசீது யார் பெயரில் இருக்கிறது? 'பி.காம். பேட்ச்' என்று மட்டும் எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். பணம் யார் கணக்கிலிருந்து போனதோ அவரே மனுதாரராக இருக்கட்டும்.

இனிமேல் மண்டபம் பிடிக்கப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகை என்பது பெரும்பாலும் சுவருக்கும் கூரைக்கும்தான். கரண்டுக்கு யூனிட் கணக்கு, ஜெனரேட்டருக்கு மணிக் கணக்கு, கூட்டிப் பெருக்கத் தனி, பாத்திரத்துக்குத் தனி. சாவி வாங்கியவுடன் மீட்டர் பெட்டியைத் திறந்து ரீடிங்கைப் போனில் படம் எடுத்து, அங்கேயே மேலாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். கிளம்பும்போது இன்னொரு படம். முந்தைய கல்யாணத்தின் ஏ.சி. கரண்டு உங்கள் தலையில் விழாது.

கேள்வி: இலைக்கு 350 ரூபாய் என்று 180 பேருக்குச் சாப்பாடு சொன்னோம். குரூப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் அத்தனை பேர். வந்ததோ 120. காண்ட்ராக்டர் 180-க்கும் சேர்த்து 63,000 கேட்கிறார். மீந்ததையும் அவர்களே வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் நான் காண்ட்ராக்டர் பக்கம். 180 பேருக்குக் காய் வாங்கி, அரிசி உலையில் போட்டுவிட்ட பிறகு அவர் என்ன செய்வார்? ஆனால் மீந்தது நீங்கள் காசு கொடுத்த சாப்பாடு. வேறு மாதிரிப் பேசியிருந்தால் ஒழிய அது உங்களுடையது. அதைச் சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள். விரிக்காத இலை, திறக்காத தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் ஆகியவற்றுக்கும் கழிக்கச் சொல்லுங்கள். வழக்குப் போடும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை.

கட்டைவிரல் காட்டியவர்களை ஒருபோதும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணம் கட்டியவர்தான் வருவார். அவரிலும் சிலர் கடைசி நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்பார். காண்ட்ராக்டரிடம் குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றைப் பேசுங்கள். அதற்கு மேல் எத்தனை இலை வரை அதே விலையில் சமாளிப்பார், கடைசி எண்ணிக்கையை என்றைக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். காய்கறி வாங்கும் நாளுக்கு முந்தைய நாள் என்றால் இருவருக்கும் நியாயம். போட்டோகிராபர், மைக் செட்காரர், கார் டிரைவர்கள் சாப்பிடுவதும் கணக்கில் வரும். பந்தி என்றால் ஒவ்வொரு பந்தியிலும் ஒருவர் நோட்டோடு நின்று இலையை எண்ண வேண்டும். பஃபே என்றால் தட்டு அடுக்கை முன்பும் பின்பும் எண்ணினால் போதும். இந்த வேலைக்கு மேடையில் பேச ஆசைப்படாத ஆளாகப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரிச் சின்னம் போட்ட டி-சர்ட் ஒன்று 380 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்து வாங்கினார் கடைக்காரர். பில் கேட்டால் துண்டுச்சீட்டு தருகிறார். சரியா?

பதில்: இல்லை. 2,500 ரூபாய்க்கு உட்பட்ட ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5%தான். துண்டுச்சீட்டில் ஜிஎஸ்டி எண் இல்லை என்றால் வரி என்று எதையும் வாங்கவே கூடாது. முறையான பில்லையோ, கூடுதலாக வாங்கிய பணத்தையோ கேளுங்கள். அடுத்த முறை ஒரு மாதிரி டி-சர்ட்டைத் துவைத்துப் பார்த்துவிட்டு மொத்த ஆர்டர் கொடுங்கள். அளவைக் கல்லூரிக் கால நினைவில் சொல்ல விடாதீர்கள்; அன்று மீடியம் போட்டவர்கள் யாரும் இன்று மீடியம் இல்லை.

கேள்வி: 2,000 கட்டிய நண்பர் வரவில்லை. இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்டு, நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்கிறார்.

பதில்: எல்லோரும் சேர்ந்து போட்ட பொதுப்பணம் இது. நீங்கள் ஒன்றும் லாபத்துக்குச் சேவை விற்கவில்லை. அவருக்கு வரவுசெலவுக் கணக்கை பில்களோடு அனுப்புங்கள். மிச்சம் இருந்தால் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கும்போது அவர் பங்கும் போகட்டும். அவருடைய டி-சர்ட்டையும் நினைவுப் பரிசையும் கூரியரில் அனுப்பிவிடுங்கள், கூரியர் செலவு அவருடையது.